ஜன்னல் சாத்தும் புங்கங்கன்று

ஒரே தாய்மரத்து விதையில முளைச்ச ரெண்டு புங்கங்கன்னு பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. ஒவ்வொரு இலைக்கும் அடியில ஆயிரக்கணக்கான குட்டி ஜன்னல். திறந்தா காத்து உள்ளே வந்து சாப்பாடாகும், ஆனா தண்ணி வெளியே போயிடும். எப்போ திறக்கணும், எப்போ சாத்தணும்னு விதையிலேயே எழுதியிருக்கும்.

பெரியவன் உச்சிவெயில்லயும் திறந்தே வெச்சு மளமளன்னு வளர்ந்துட்டான். சின்னவன் இளவெயிலுக்கே சாத்திக்குவான். முழங்கால் உயரத்துல, அண்ணன் நிழல்ல நின்னு ஏங்கினான்.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்கேன். வெயில் பட்டா நானும் வளருவேன்."

"முதல்ல ஜன்னலைத் திறடா."

"தண்ணி போயிடுமே. அம்மா எழுதிவிட்டது அப்படி."

"எனக்கும் அதே அம்மாதான். மகரந்தம் தந்த அப்பா மரம்தான் வேற."

சித்திரையில மழையே இல்ல. தண்ணி தீர்ந்துபோய் அண்ணன் இலையை மொத்தமா உதிர்த்துட்டான். சின்னவன் மேல முதல் தடவையா முழு வெயில் விழுந்துச்சு.

"இந்தா, நீ கேட்டது வந்துடுச்சு. உன் வேர்ல இன்னும் ஈரம் இருக்கு. நான் தளிர்க்கிறதுக்குள்ள வளர்ந்துக்கோ"ன்னான் மொட்டையா நின்ன அண்ணன்.

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். அவசர அவசரமா ஒவ்வொரு ஜன்னலா சாத்த ஆரம்பிச்சான்.

"என்னடா பண்றே?"

"வெயில் ஜாஸ்தியா இருக்குண்ணே. பொழுது சாயட்டும், திறந்துக்கிறேன்."