செயின் கழன்ற நாள்

"மறுபடியும் கழண்டுடுச்சா?" என்றேன்.

நேவியோ சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் செயினை நோண்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் கிரீஸ்.

"ஒரு நிமிஷம்க்கா. நீங்க தண்ணி குடிங்க."

மணி பன்னிரண்டு. கபிச்சே மேட்டு ரோட்டில் தார் இளகி டயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நிழலுக்கு ஒரே ஒரு பைன் மரம். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

வட இத்தாலியின் மாந்தோவாவிலிருந்து லொரேத்தோ மாதா கோயிலுக்கு எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பதினோரு பேர் சைக்கிளில் கிளம்பியிருந்தோம். நாளைக்குக் கோயில். என் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்து, இப்போது எட்டாம் மாதம். முழுத் தூரமும் மிதித்தே வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தேன்.

நடுவில் ஃபாதர் எஜிதியோ போட்ட சட்டம் ஒன்று. போன வருஷம் வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்ததிலிருந்து, சாயங்காலம் கடைசியாக வந்து சேருகிறவர் மறுநாள் சைக்கிளைத் தொடக் கூடாது. ரயில்தான். அவரிடம் அழுதும் பயனில்லை.

மற்ற ஒன்பது பேரும் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். மிச்சம் நானும் இவனும்.

"நேத்து எல்லாருக்கும் முன்னாடி வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்ன. இன்னிக்கு என்னடான்னா, காத்துக்கு ஒளிஞ்சுக்கிட்டு என் பின்னாடியே வர்ற. ஒட்டுண்ணி."

"உங்க முதுகு அவ்வளவு வசதியா இருக்கேக்கா" என்றான்.

நல்ல வாயாடி. லொரேத்தோ மேட்டைக் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறிக் காட்டுகிறேன் என்று குளிர்காலம் முழுக்கப் பங்கையே அலுக்க வைத்தவன். செயினுக்கு எண்ணெய் போடத் தெரியவில்லை.

ஃபியோரென்சுவோலாவில் மூச்சு வாங்க ஒரு வீட்டு நிழலில் நின்றேன். பின்னால் அவன் சைக்கிளைக் கவிழ்க்கும் சத்தம். நான்காவது முறை. அடுத்த வளைவில் கால் பிடித்துக்கொண்டது, இறங்கித் தேய்த்தேன். ஐந்து. பெசாரோ குழாயடியில் தலையை நனைத்தேன். ஆறு. இவனோடு மாட்டிக்கொண்டேனே என்று பல்லைக் கடித்தேன்.

ஃபானோ ஊர் தெரிந்தது. தலை சுற்ற, ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் செயின். ஏழு.

வண்டி பழுதானவரை நடுரோட்டில் விட்டுப் போவது சைக்கிள்காரர்களுக்கு அழகில்லை. தெரியும். ஆனால் அவன் குனிந்திருந்தான். மகள் முகம் ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் ஏறி, உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

விடுதிக்கு நான் பத்தாவது. நான்கு நிமிஷம் கழித்து அவன்.

"நேவியோ, நாளைக்கு ரயில்" என்றார் ஃபாதர்.

"சரி ஃபாதர்" என்று முகம் கழுவப் போய்விட்டான். என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு பதில் வைத்திருந்தேன்.

மனசு உறுத்தியது. செயினையாவது சரிசெய்து கொடுப்போமே என்று அவன் சைக்கிளை அடுத்த தெருக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மெக்கானிக் பெடலை முன்னும் பின்னும் சுற்றினார். தூக்கித் தரையில் தட்டினார். செயின் அசையவில்லை.

"கழலுதுன்னு யாரும்மா சொன்னது? புது செயின், அளவும் சரி. இது தானா கழலாது. யாராவது விரலால தூக்கி விட்டாத்தான் உண்டு."

ஏழு முறை. எண்ணியவள் நான்தான்.

ஏழு முறையும் முதலில் சைக்கிளை விட்டு இறங்கியது யார் என்பதை மட்டும் எண்ணவில்லை.