பன்னிரண்டு பாத்ரூம் வீடு

"ஒத்தை ஆளுக்குப் பன்னிரண்டு பாத்ரூமா? மீன் ஜென்மமாப் பொறந்திருந்தாக்கூட இவ்வளவு தேவைப்படாதே!"

நடிகையின் புது வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போதே கேமராமேன் ஆரம்பித்துவிட்டார்.

"மெல்லப் பேசுங்க. காதுல விழுந்தா வாசலோட அனுப்பிடுவாங்க" என்றாள் தொகுப்பாளினி.

அவளுக்கு அவள் கவலை. நட்சத்திரங்களின் வீட்டைச் சுற்றிக் காட்டும் அவளுடைய டி.வி. நிகழ்ச்சி கொஞ்ச நாளாகப் படுத்தே கிடந்தது. இந்த வீட்டுக்குப் பன்னிரண்டு பாத்ரூமுக்கான சாமான் வாங்கிய ரசீது எப்படியோ வெளியே கசிந்து, ஊர் முழுக்க பாத்ரூம் பேச்சுதான். "அந்த மர்மத்தைக் கண்டுபிடிச்சுட்டு வா. இல்லேன்னா நிகழ்ச்சிக்கு மூடுவிழாதான்" என்று சொல்லித்தான் மேலாளர் அனுப்பியிருந்தார்.

வீடா அது! தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கூடத்துக்குக் கண்ணாடிக் கூரை. வெயில் உள்ளே வந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வளைந்து இறங்கும் அந்தப் படிக்கட்டுக்காகவே பத்து தடவை மாடிக்குப் போய்வரலாம். தொகுப்பாளினி பிளந்த வாயை மூடவில்லை.

நடிகையும் ஒவ்வொரு கதவாக ஆசை ஆசையாகத் திறந்து காட்டினார். ஒரு சுவர் முழுக்கப் படங்கள்.

"வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சினவ நான். இங்க ஆசை தீர அடிச்சிருக்கேன் பாரு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

சுற்றி முடித்தார்கள். பாத்ரூம் மூன்றுதான் கண்ணில் பட்டது.

"மீதி ஒன்பதும் எங்கே மேடம்?"

நடிகையின் சிரிப்பு நின்றது. "அது வேண்டாமே."

"ஜனங்க அதைத்தான் கேக்கறாங்க மேடம்."

நடிகை கொஞ்சம் யோசித்தார். "சரி, கேமரா இங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வா."

தொகுப்பாளினி கிளம்பும்போது கேமராமேனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் தோட்டத்து மரங்களோடு மரமாகப் பின்னாலேயே வந்தார்.

தோட்டத்துக் கடைசியில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் பின்பக்கத் தெருவுக்குப் போகும் குறுகலான சந்து. அங்கே மதிலோடு மதிலாக ஒன்பது கதவுகள். ஒன்றை நடிகை திறந்தார். உள்ளே, வீட்டில் பார்த்த அதே பளிங்கு, அதே பளபளக்கும் குழாய், துவைத்து மடித்த துண்டு.

பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரி முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "வர்றேன்க்கா" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தாள். பார்சல் கொண்டுபோகும் பெண் ஒருத்தி வண்டியை நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே நுழைந்தாள்.

"தெருவுல நின்னு பிழைக்கிற பொம்பளைங்கம்மா இவங்க" என்றார் நடிகை. "நான் குரூப் டான்ஸ் ஆடின காலத்துல, வெளியில ஷூட்டிங்னா காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சா எங்க போறது? அடி வயித்து வலியோட சிரிச்சுக்கிட்டே ஆடியிருக்கேன். வீடு கட்டினா இதை முதல்ல கட்டணும்னு நெனச்சு வெச்சிருந்தேன்."

தொகுப்பாளினிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நின்றவள்தான்.

"இதைப் போய் மறைக்கறீங்களே மேடம்! ஊரே உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடும்!"

"அதாம்மா என் பயமே. இங்க வர்ற பொம்பளைங்க யாரும் வெளியில சொல்றதில்ல. நான் கட்டினதுன்னு தெரிஞ்சா, நாளைக்கே செல்ஃபி எடுக்க ஒரு பட்டாளம் சந்து முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்கும். அத்தனை பேர் முன்னாடி எந்தப் பொம்பளை இந்தக் கதவைத் திறப்பா?"

திரும்பும்போது வண்டியில் கேமராமேன் துள்ளினார். "ஒண்ணு விடாம எடுத்துட்டேன்! நம்ம நிகழ்ச்சி பிழைச்சுது!"

"அந்த மெமரி கார்டைக் கொடுங்க" என்று வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள் தொகுப்பாளினி. "இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

"பன்னிரண்டும் வீட்டுக்குள்ளேதாங்க இருக்கு! கோபம் வந்தா குளிக்க ஒண்ணு, சோகம் வந்தா அழ ஒண்ணு, மீதியெல்லாம் பூட்டி வெச்சு அழகு பார்க்க! காசு முத்திப் போனா பைத்தியம் இப்படியும் பிடிக்கும்போல!" என்று திரையில் கண்ணடித்துச் சிரித்தாள் தொகுப்பாளினி.

நடிகையின் ரசிகர்கள் அவளைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். வீட்டைக் காட்ட ஒப்புக்கொண்டிருந்த மற்ற நட்சத்திரங்கள் பின்வாங்கினார்கள். "இனிமே எவன் உனக்குக் கதவைத் திறப்பான்? நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று போனை வைத்தார் மேலாளர்.

வீட்டில் கணவன் வேறு.

"அந்தம்மா எவ்வளவு ஆசையா சுத்திக் காட்டினாங்க! அவங்களைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி பண்ணிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

அவள் மெமரி கார்டு இருந்த கைப்பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

செல்போன் அடித்தது. நடிகை.

"பேசு. நல்லா வாங்கிக் கட்டிக்கோ" என்று கணவனே ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஏம்மா, இன்னும் ரெண்டு தடவை பைத்தியம்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் நடிகை. "ஊரே வாசல் பக்கம் நின்னு என்னைப் பார்த்துச் சிரிக்குது. பின்பக்கச் சந்துல ஒருத்தன் எட்டிப் பார்க்கல. நீ நல்லா இருக்கணும்மா!"