ரேக்குக்குப் பின்னால் ஒரு நாற்காலி

"எல்லாச் சீட்டுலயும் ஒரே இடத்தத்தான் எழுதியிருக்காங்க சார்" என்றாள் ஆபீஸை மாற்றியமைக்க வந்திருந்த இன்டீரியர் பெண்.

நான் செல்போனைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மணி மூன்று முப்பத்தைந்து. பதினான்கு பேரும் அவரவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்தக் கட்டடத்திலாவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் எங்களுக்குத்தான் போன் வரும். அதனால் மேசையில் சொந்த செல்போனைத் தொடக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். தொட்டதற்காகப் போன மாதம்தான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அவருக்குத் தெரியாமல் தொடவும் முடியாது. கூடத்துக்கு நடுவில் கண்ணாடி அறை கட்டி உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிசிடிவி. அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களும் காலையிலிருந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், வேறு எங்கே பார்ப்பது. காதைச் சொறிந்தார் என்றால் மேலிடத்திலிருந்து நன்றாக வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் கண்ணில் படாத இடம் ஒன்றே ஒன்று. பின்வாசல் பக்கம், பழைய ஃபைல் ரேக்குக்குப் பின்னால், கை உடைந்த ஒரு நாற்காலி.

யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஆளுக்கு ஒரு நேரம் என்று ஆகிவிட்டது. பதினொரு மணிக்கு டைப்பிங் அக்கா போய் முழங்காலைத் தேய்த்துக்கொள்வாள். மதியம் டெஸ்பாட்ச் அண்ணன் பத்து நிமிடம் கண்ணை மூடுவார். மூன்று நாற்பது எனக்கு.

மூன்று நாற்பதுக்கு என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டு வாசலில் நிற்பாள். ஒன்பது வயது. சாவியும் ஒரு பழைய போனும் அவள் பையில்தான் இருக்கும். ஆனால் நான் போனில் வந்தால்தான் பூட்டைத் திறப்பாள். உள்ளே யாராவது இருந்தால் என்ன செய்வது என்று பயம். சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, "யாரும் இல்லம்மா" என்று அவள் சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆகும்.

போன வாரம் ஒருநாள் என்னால் எடுக்க முடியவில்லை. ஆறரைக்கு நான் போனபோது யூனிஃபார்மோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஆபீஸையே மாற்றிக் காட்டுகிறேன் என்று வந்து சேர்ந்தாள் இந்தப் பெண். நல்ல வெளிச்சம், முதுகு வலிக்காத நாற்காலி, மனசுக்கு நிம்மதி, இந்த மூன்றும் இருந்தால் வேலை தானாக நடக்கும் என்றாள். எல்லா மேசையிலும் ஒரு சீட்டை வைத்தாள். பெயர் போட வேண்டாம், இந்த ஆபீஸில் உங்களுக்கு நிம்மதியான இடம் எது என்று மட்டும் எழுதி வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள் என்றாள்.

மற்றவர்கள் உஷாராக இருப்பார்கள், நான் ஒருத்தி எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எழுதிப் போட்டேன். பாவிகள், ஒவ்வொருவரும் அப்படியேதான் நினைத்திருக்கிறார்கள்.

"எந்த இடம்?" என்றார் மேனேஜர்.

"பின்னாடி ரேக் இருக்குல்ல சார், அதுக்குப் பின்னால ஒரு உடைஞ்ச சேர். அது."

டைப்பிங் அக்கா தரையைப் பார்த்தாள். டெஸ்பாட்ச் அண்ணனுக்கு இல்லாத இருமல் வந்தது.

போச்சு. இனி இவர் அங்கே போய் உட்கார்ந்து பார்ப்பார். உட்கார்ந்தால் கண்ணாடி அறை தெரியவில்லை என்பது புரிந்துவிடும். நாளைக்கே ரேக்கும் போகும், நாற்காலியும் போகும். நாங்களே வலியப் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறோம்.

மேனேஜரின் கை காதுக்குப் போயிற்று.

அந்தப் பெண் அதோடு சும்மா இருந்திருக்கலாம். சீட்டுகளை மேசையில் பரப்பி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். "பதினஞ்சும் அதேதான்" என்றாள்.

பதினைந்தா? பதற்றத்தில் யாரோ இரண்டு எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். டெஸ்பாட்ச் அண்ணன் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.

அந்த நேரம் பார்த்து என் கைக்குள் போன் அதிர்ந்தது.

இறுக்கிப் பிடித்தேன். இருந்த அமைதியில் அது கேட்காமல் இருக்குமா? எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. எடுத்தால் வேலை போய்விடும். எடுக்காவிட்டால் அவள் படியில் உட்கார்ந்துவிடுவாள். அதிர்வு நின்றது, மறுபடியும் தொடங்கியது.

மேனேஜர் என்னையே பார்த்தார்.

"வீட்லருந்தா?"

"பொண்ணு சார். வாசல்ல நிக்கிறா."

அவர் மேசையில் கிடந்த சீட்டுகளை அள்ளி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரேக்க மட்டும் நகர்த்த வேணாம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போய்ப் பேசுங்க. நாலு மணிக்குள்ள எழுந்துடுங்க."

ஓடினேன். "தெறந்துக்கோ செல்லம், அம்மா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த நாற்காலியில் விழுந்தேன். அவள் சமையலறையைப் பார்த்து முடித்துக் குளியலறைக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

தினமும் நாலு மணி ஆனால் மேனேஜர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, குடோனில் ஸ்டாக் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்தப் பின்வாசல் பக்கம்தான் வருவார்.

குடோனைக் காலி செய்து இரண்டு வருடம் ஆகிறது.