பரணில் ஏறியவை

வெள்ளம் வந்த அன்று அப்பா தம்பியின் காரில் ஏறிவிட்டார் என்று அக்காவும், அக்காவின் காரில் ஏறிவிட்டார் என்று தம்பியும் நினைத்துவிட்டார்கள். அவரோ தண்ணீர் ஏற ஏற, வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர், ஸ்டூலுக்கு மேல் அவரால் ஏற முடியாது. மிக்ஸி, ஆல்பம், பேரப்பிள்ளைகளின் பழைய ஷூ எல்லாம் தப்பின. அவர்தான் தப்பவில்லை.

எல்லாம் முடிந்தபின் இருவரும் வந்து சேற்றை வாரிக் கொட்டினார்கள். சாமான்களை இறக்கித் துடைத்துவைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் அத்தனையும் மறுபடி பரணில் இருந்தன. துடைப்பமும் பினாயில் பாட்டிலும்கூட. மறுபடி இறக்கினார்கள். மறுநாளும் அப்படியே.

"சாவி நம்மகிட்டதானே இருக்கு?" என்றான் தம்பி.

அக்கா காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தாள். "அவருக்கு இன்னும் தண்ணி வடியலடா."

அன்று சாயங்காலம் தம்பி புது ஏணி ஒன்று வாங்கிவந்து பரணில் சாய்த்துவைத்தான். கதவைச் சாத்தும்முன் அக்கா உள்ளே பார்த்துச் சொன்னாள்: "சாமான் போனா போகுதுப்பா. முதல்ல நீங்க ஏறுங்க."

காலையில் கதவைத் திறந்தார்கள். ஸ்டூல் கீழேயே நின்றது. சாமான்களோடு சாமானாக ஏணியும் பரண்மேல் பத்திரமாக இருந்தது.