ஞாயிற்றுக்கிழமைக் கொசுக்கள்

கையெழுத்துக் கோட்டின் மேல் பேனா நின்றது.

கோட்டுக்கு மேலே ஒரே வாக்கியம். நான்கு ஆண்டுகளாகக் கொசுப்பொறிகளில் தினமும் எண்ணிய கணக்கு இது, சரியானதே என்று உறுதியளிக்கிறேன்.

எண்ணியவள் அவள்தான்.

வெளியே வராந்தாவில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கொசுவின் ரகசியத் தாளம்: செயற்கை நுண்ணறிவின் மாபெரும் கண்டுபிடிப்பு.' அதில் துறைத் தலைவர் ஆளுயரம். கொசு, கொசு அளவு.

கண்டுபிடிப்பு இதுதான். ஆறு நாள் கொசு பறக்கிறது. ஞாயிறன்று ஒன்றுகூட இல்லை. திங்களன்று இரு மடங்காகத் திரும்பி வருகிறது.

இனி திங்கள் ஒரு நாள் புகையடித்தால் போதும் என்று நகராட்சிக்குப் பரிந்துரைக் கடிதமும் தயார்.

இயந்திரத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை. நாற்பதாயிரம் கொசுப் படங்களை ஒரே மதியத்தில் இனம் பிரித்துத் தந்தது. உட்கார்ந்து சரிபார்த்தாள். அவள் கோட்டைவிட்ட இடங்களைக்கூட அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் பூட்டியிருக்கும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

கணினிப் படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது. சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும். அதனால் ஞாயிறுதோறும் பூஜ்யம் போட்டாள். இரண்டு நாள் கொசுவையும் திங்களன்று எண்ணினாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான்.

முடிவறிக்கையின் அடியில் இயந்திரம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு முறை மாறுகிறதா?

பத்திரிகைக் குறிப்பில் அந்த வரி இல்லை.

"பதினொரு மணிக்குத் துணைவேந்தர் வந்துருவாரும்மா. போட்டுக் குடு" என்றார் துறைத் தலைவர்.

"ஞாயித்துக்கிழமை எண்ணவே இல்ல சார். லேப் பூட்டியிருந்துச்சு."

"அவ்வளவு பெரிய மெஷினு. அதுக்குத் தெரியாமலா சொல்லும்?"

பேனா அசையவில்லை.

துணைவேந்தருக்கு வாங்கிவைத்த சால்வையை அவர் பிரித்து, மறுபடி மடித்தார். குரல் தணிந்தது.

"உன் தீஸிஸும் இதே முட்டை மேலதான் உக்காந்திருக்கு. யோசிச்சுக்க."

யோசித்தாள்.

ஊரில் அப்பா பெயர்ப்பலகைக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார். பெயருக்கு முன்னால் 'முனைவர்' கொஞ்சம் பெரிய எழுத்தில்.

எழுதினாள்.

'ஞாயிறுகளில் ஆய்வகம் பூட்டியிருந்தது. பூஜ்யங்கள் நான் போட்டவை.'

கீழே கையெழுத்து. தேதி.

அவர் படித்தார். நான்காகக் கிழித்தார். திட்டவில்லை. கணினிப் பக்கம் திரும்பி அதே சான்றிதழை இன்னொரு முறை அச்செடுத்து நீட்டினார்.

இரண்டாவது தாளிலும் அதே இரண்டு வரி. கையெழுத்து மட்டும் முன்னைவிடத் தெளிவு.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். யாரோ வணக்கம் சொன்னார்கள். நிறைய பேர் சொன்னார்கள்.

அச்சுப்பொறி மூன்றாவது தாளை உள்ளே இழுத்தது.

அவள் பேனாவை மூடவில்லை.