காளியாத்தாள் படித்த பாரசீகம்

"அடுத்த மாசத்தோட பதினோரு மாச அக்ரிமென்ட்டு முடியுது. அந்தப் புள்ளைய வேற ஊடு பாத்துக்கச் சொல்லிப்போடுங்க" என்றாள் காளியாத்தாள்.

கணவர் பாலுசாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். கணபதிப் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் பரீசா. ஈரானிலிருந்து வந்து, சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள்.

"படிப்பு முடிய இன்னும் ஆறு மாசம் இருக்குதே. வெளிநாட்டுப் புள்ளைக்கு யாரு லேசுல ஊடு குடுப்பாங்க? பாவம், நடுவுல எங்க போவா? அப்புடி என்ன பண்ணிப்போட்டா?"

"திமிருங்க. பொங்கலுக்குக் கூப்பிட்டேன், வேண்டாம்னுட்டா. ஆடிப் பதினெட்டுக்குக் கூப்பிட்டேன், வேண்டாம்னுட்டா. பருப்பும் வெல்லமும் வெச்சு ஒப்பிட்டு சுட்டு மாடிக்கே எடுத்துட்டுப் போனேன். நெஞ்சுல கையை வெச்சு ஒரு சிரிப்புச் சிரிச்சு, அதையும் வேண்டாம்னுட்டா. நம்மூட்டுச் சோறு அவளுக்கு எளப்பமாப் போச்சு."

உபசாரத்தில் காளியாத்தாளை யாரும் குறை சொல்ல முடியாது. வாசலுக்கு வந்த யாரையும் "சாப்பிட்டுட்டுப் போலாங்க" என்று சொல்லாமல் அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது. வண்டியை விட்டு இறங்காமல் பார்சலை நீட்டும் கூரியர்காரருக்கும் அது உண்டு. அப்பேர்ப்பட்டவளுக்கு இது பெரிய அவமானம்.

இன்னும் மூன்று வாரத்தில் பரீசாவின் அம்மா மகளைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது.

"நல்லதாப் போச்சு. பெத்தவங்ககிட்டயே கேக்கறேன். அவங்களுக்கு அவங்க ஊரு பாஷை ஃபார்சி மட்டுந்தான் வருமாம். வர்ஷினி, எனக்கு அதைக் கத்துக்குடு கண்ணு."

மகள் வர்ஷினி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். "எதுக்கும்மா? போனே மொழிபெயர்த்துச் சொல்லிப்போடுமே."

"போனு கேட்டா உறைக்காது. என்ற வாயால கேட்டாத்தான் உறைக்கும்."

வர்ஷினி போனில் ஆரம்பப் பாடம் எடுத்துக் கொடுத்தாள். காளியாத்தாள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, மாவரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் முணுமுணுத்தாள். சலாம் என்றால் வணக்கம். மெர்சி என்றால் நன்றி. வாங்க, உட்காருங்க, எடுத்துக்கோங்க எல்லாவற்றுக்கும் பெஃபர்மாயித். மொட்டையாகச் சொன்னால் மரியாதையாக இல்லை என்று பட்டதால், "சலாமுங்க, மெர்சிங்க" என்றே மனப்பாடம் செய்தாள்.

"ஹாலே ஷொமா செத்தோரே" என்று அவள் நலம் விசாரிக்கப் பழகியபோது பாலுசாமிக்குத் தாங்கவில்லை.

"ஏம்புள்ள, ஊட்டுக்கு வாரவிங்களைப் பாத்து, செத்தாங்களான்னா கேப்ப?"

காளியாத்தாள் காதில் வாங்கவில்லை. அவளுக்கு முக்கியமான வாக்கியம் வேறு. 'உங்க பொண்ணு ஏன் எங்க வீட்டுல சாப்பிடறதில்லை?' அதைக் கேட்ட கையோடு அக்ரிமென்ட் விஷயத்தையும் போட்டு உடைத்துவிட வேண்டும். அது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீசா தன் அம்மாவைக் கீழே அழைத்து வந்தாள்.

"சலாமுங்க" என்றாள் காளியாத்தாள். அந்த அம்மாள் முகம் மலர்ந்துபோனது. காளியாத்தாள் ஒப்பிட்டுத் தட்டை நீட்டி, "பெஃபர்மாயித்துங்க" என்றாள்.

அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்தார். சிரித்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

'தாயும் அதே திமிரு' என்று காளியாத்தாளுக்குச் சுள்ளென்று வந்தது. தட்டை டீப்பாயில் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள்.

"தொக்தரே ஷொமா..."

உங்க பொண்ணு. அதற்கு மேல் அவளைப் பேசவிடவில்லை. மகளைப் பற்றி என்றதும் அந்த அம்மாள் நெருங்கி வந்து, காளியாத்தாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வேறு. மூன்று வாரப் பாடம் எந்த மூலைக்கு? நடுவில் நாலைந்து மெர்சி மட்டும்தான் பிடிபட்டது.

வர்ஷினி போனை நீட்டிப் பிடித்து, அதில் தமிழில் வந்ததை வாசித்தாள்.

"எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். அதுதான் மரியாதை. முதல் தடவை கூப்பிடுவது வாய் உபசாரம். மறுத்த பிறகும் விடாமல் இரண்டு, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனதாரக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். உங்களைப் பற்றி என் மகள் போனில் சொல்லாத நாள் இல்லை. அவள் வேண்டாம் என்றாலும் நீங்கள் விடமாட்டீர்களாம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போடுவீர்களாம். அதனால்தான் இத்தனை தூரத்தில் நான் நிம்மதியாக இருந்தேன்."

பரீசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

காளியாத்தாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கேட்க வந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

பாலுசாமி மெதுவாக அவள் பக்கம் குனிந்தார். "அந்த அக்ரிமென்ட்டுச் சமாச்சாரம்..."

"போயி புதுசா எழுதிட்டு வாங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு பரீசாவிடம் திரும்பினாள். "மத்தியானம் அம்மாவும் நீயும் இங்கதான் சாப்பிடோணும் கண்ணு."

பரீசா எப்போதும்போல நெஞ்சில் கையை வைத்தாள். "வேண்டாங்க ஆன்ட்டி."

இந்தப் பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, காளியாத்தாள் இரண்டாவது தடவை கூப்பிட்டாள்.