பருப்பளவு வடு

வண்டியின் முன்கண்ணாடியை இரவு முழுவதும் மூடியிருந்த அட்டையை எவ்சேய் இரு கைகளாலும் மெல்லத் தூக்கினான்.

வடு அப்படியே இருந்தது. வளரவில்லை.

ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே, துவரம்பருப்பு அளவு. அக்டோபரில், சரளைச் சாலையில் முன்னே சென்ற லாரி எறிந்த கல்லினால் உண்டானது. அதில் ஒரு சொட்டுப் பசை இட்டு, மேலே ஒளிபுகும் தாள் ஒட்டியிருந்தான். முழுக் கண்ணாடியும் பிளப்பதற்கு அவ்வளவு சிறிய இடமே போதும்.

வெளியே குளிர் மைனஸ் நாற்பத்தொன்பது.

மணி ஒன்பதரை. விமானம் ஒன்றே முக்காலுக்கு. யாகூத்ஸ்க் விமான நிலையம் லேனா ஆற்றின் அக்கரையில் இருந்தது. ஆறு உறைந்து சாலையாகிவிட்டது. ஆனால் இந்தக் குளிரிலும் மூடுபனியிலும் அதில் இறங்க வாடகை வண்டிக்காரர் எவரும் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு வண்டிகளெல்லாம் மார்ச் வரை உறக்கத்தில் இருந்தன. அவற்றின் பேட்டரிகள் கட்டிலடியில் கதகதப்பாகக் கிடந்தன.

எனவே, இந்தக் கண்ணாடி தாங்கினால் அவன் மனைவி சர்கிலானா இன்று போய்விடுவாள்.

தெற்கே, பனி தங்காத கிராஸ்னதாரில், அவளுடைய அக்கா இருக்கிறாள். திரும்பி வருவதற்குச் சீட்டு எடுக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பின், தங்களுக்குள் பேச எதுவும் மீதமில்லை என்று செப்டம்பரில் அவள் கூறினாள். அதற்கும் அவன் எதுவும் பேசவில்லை. விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதாக மட்டும் சொன்னான்.

அவன் விரும்பியிருந்தால் அந்த வடுவைக் காரணம் காட்டியிருக்கலாம். அவள் கேட்டபோது, கண்ணாடி தாங்கும் என்றே கூறினான்.

இரவெல்லாம் நிறுத்தாமல் ஓடவிட்டிருந்த எஞ்சினின் வெப்பக்காற்றை முதலில் கால்பக்கம் திருப்பிவைத்தான். இருபது நிமிடங்கள் கழித்துக் கண்ணாடிப் பக்கம், மிகக் குறைந்த வேகத்தில். கதவுக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான். வெளிப்புறம் படிந்த பனித்தூளை இரும்புத் தகட்டால் சுரண்டாமல், மென்மயிர்த் தூரிகையால் துடைத்தான். ஒவ்வொரு முறையும் வடுவுக்கு ஒரு சாண் முன்னதாகக் கையை நிறுத்தினான்.

பக்கத்து வீட்டு லூக்கா, குடிநீருக்காக அடுக்கிவைத்த ஆற்றுப் பனிக்கட்டிகளில் ஒன்றைத் தோளில் சுமந்தபடி அவ்வழியே வந்தார். நின்றார்.

"என்னப்பா எவ்சேய், பச்சப்புள்ளைய குளிப்பாட்டுற மாதிரில்ல தடவிக்கிட்டிருக்க! பொண்டாட்டிய இப்படித் தாங்கியிருந்தா அவ ஏன் பெட்டியக் கட்டப் போறா?"

எவ்சேய் தூரிகையை உதறினான். லூக்கா தம் சிரிப்பைத் தாமே முடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மாடிப்படிக் கதவு திறந்தது. சர்கிலானா மயிர்க் காலணிகளுடன் வந்தாள். ஒரு கையில் பெட்டி. மறு கையில், வழிக்கென்று போட்ட பால் தேநீர் நிறைந்த பிளாஸ்க்.

"இன்னும் ஆகலையா?"

"சூட்ட மெதுவாத்தான் காட்டணும். அவசரப்பட்டா போயிடும்."

"பிளேன் உனக்காக நிக்காது."

"பிளேன் எனக்கா? உனக்குத்தானே."

அவள் பெட்டியை நீட்டினாள். அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு வண்டியின் பின்புறம் சென்றான். பெட்டி கனமாக இருந்தது. அதை வைக்க இடம் ஒதுக்கினான். ஈரம் படாதிருக்க அடியில் ஒரு பழைய கம்பளத்தை மடித்து விரித்தான்.

முன்புறத்தில் சுள்ளி முறிவது போன்ற ஓசை கேட்டது.

அவன் சுற்றி வந்தபோது அவள் பிளாஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்து நின்றிருந்தாள். ஆவி இருவரையும் மூடியது; பின்பு விலகியது. தேநீர் வைப்பரை எட்டுவதற்குள் உறைந்து, கண்ணாடி முழுவதும் பழுப்புப் படலமாகிவிட்டது. அதனடியில், வடுவிலிருந்து ஒரு கோடு கூரை வரை ஏறியிருந்தது. மற்றொன்று இடப்புற ஓரத்தை நோக்கி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

இருவரும் அது ஓரத்தைச் சென்றடையும் வரை பார்த்துக்கொண்டிருந்தனர்.

"சூடா ஊத்துனா சட்டுனு உருகிடும்னு நெனச்சேன்," என்றாள்.

அவன் அன்று காலையில் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். இமை மயிர்களில் வெண்பனி பூத்திருந்தது. அவள் கண்களைத் தாழ்த்தவில்லை.

"தெரியாதவங்க எல்லாரும் பண்றதுதான். விடு," என்றான்.

பிறகு உள்ளே கை நீட்டி எஞ்சினை நிறுத்தினான். இந்தக் குளிரில் நிறுத்திய எஞ்சின் அன்றைக்கு மறுபடி உயிர் பெறாது என்பதை இருவரும் அறிவர். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறினான். அவள் காலி பிளாஸ்க்குடன் பின்னால் சென்றாள்.

ஊர்முனையில், நெடுஞ்சாலையோரம், வண்டிக் கண்ணாடி மாற்றும் கடை ஒன்று உள்ளது. சர்கிலானா சென்ற வாரம் வரை பதினான்கு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தாள். கடைக்குள் நுழைவோர் கண்ணில் முதலில் படும்படி ஒரு பலகை தொங்குகிறது: "குளிர்காலத்தில் கண்ணாடியின்மேல் சூடாக எதையும் ஊற்றாதீர்கள்."

கையெழுத்து அவளுடையது.